கனவு கண்டவள் சொன்னது

போர்க்கதையில் பெண்ணுக்கு என்ன வேலை என்று ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். வாள் பிடிப்பவன் ஆண், சாகிறவனும் ஆண், ஜயித்து மாலை சூடுகிறவனும் ஆண். பின் எதற்காகக் கதாசிரியர்கள் நடுவிலே ஒரு பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள்? கொஞ்சம் காதல் வேண்டும் என்பதற்காகத்தானே? இதுதான் அவர் கட்சி.

காதலுக்காக மட்டும் அல்ல என்பது என் எண்ணம். போர் நியாயமானது என்று வாசகனை நம்பவைக்க ஒரு சாட்சி தேவைப்படுகிறது. பெரும்பாலும் அந்தச் சாட்சியாகத்தான் பெண் அழைக்கப்படுகிறாள். புறநானூற்றிலே ஒக்கூர் மாசாத்தியார் காட்டும் தாயைப் பாருங்கள். பிறந்த வீட்டு ஆணையும் கணவனையும் களத்தில் இழந்தவள் அவள். மறுபடியும் போர்ப்பறை கேட்டதும், இருக்கிற ஒரே மகனுக்குத் தலை வாரி, கையில் வேலைக் கொடுத்து அனுப்புகிறாள். கல்கியின் 'சிவகாமியின் சபத'த்திலோ, வாதாபி எரிவதற்கு ஒரு பெண்ணின் சபதமே காரணமாக நிற்கிறது. ஒருத்தி போகச் சொல்கிறாள். மற்றொருத்தி வரச் சொல்கிறாள். பெண்ணே கேட்கும்போது ஆண்மகன் சும்மா இருக்கலாமா என்று நமக்கும் ரத்தம் சூடேறுகிறது.

"போகாதே" என்று சொல்பவள் நம் கதைகளில் உண்டா? உண்டு. அவளை எங்கள் நாஞ்சில் நாட்டுப் பக்கத்துக் கதைப்பாடல் ஒன்றில் காணலாம்.

திருமலை நாயக்கர் மதுரையை ஆண்ட காலத்தில் அவருடைய படை வேணாட்டின் மேல் வந்தது. 1635-ஐ ஒட்டி, இன்றைய நாகர்கோவிலுக்கு அருகே உள்ள கணியாகுளத்தில் பெரிய சண்டை. வேணாட்டுப் படைத்தலைவன் இரவிக்குட்டிப் பிள்ளை அதிலே விழுந்தான். உடன் இருந்த மற்றப் பிள்ளைமார் பொறாமையால் அவனைக் கைவிட்டுவிட்டார்கள் என்கிறது 'இரவிக்குட்டிப் பிள்ளை போர்' என்ற கதைப்பாடல். புறப்படும் முன்பு, பெற்ற தாயும் கட்டிய மனைவியும் பொல்லாத கனவு கண்டோம் என்று சொல்லி அவனைத் தடுக்கிறார்கள். அவன் கேட்கவில்லை, போகிறான்.

பாட்டைக் கேட்க உட்கார்ந்திருக்கும் ஜனங்களுக்கு முடிவு முன்னமே தெரியும். ஆகவே அந்த இரு பெண்களும் பேசப் பேச, அவர்கள் சொல்வதுதான் உண்மை என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. தெரியாதவன் படைத்தலைவன் ஒருவன்தான்.

ஆனால் ஏன் கனவு? காரணம் காட்டிப் பேசக்கூடாதா?

ஒரு நாவலாசிரியனுக்குரிய சலுகையோடு நான் ஊகித்துப் பார்க்கிறேன். கூடப் போகிறவர்களின் மனம் எப்படிப்பட்டது என்று அந்த வீட்டுப் பெண்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அரண்மனைப் பொறாமை ஆண்கள் காதுக்கு எட்டும் முன்னே அடுக்களைக்கு எட்டிவிடும். யார் வீட்டு விசேஷத்துக்கு யார் வரவில்லை, யார் முகங்கொடுத்துப் பேசவில்லை என்ற கணக்கெல்லாம் அங்கேதான் இருக்கிறது. ஆயினும், "அவர்களை நம்பாதேயுங்கள்" என்று மனைவி சொன்னால், "ராஜ்ய காரியம் உனக்கு என்ன தெரியும்?" என்று ஒரே பேச்சில் வாயை அடைத்துவிடுவார்கள். கனவு என்றால் நின்று காது கொடுத்தாவது கேட்பார்கள். தன் அறிவுக்குச் சகுனம் என்று வேஷம் போட்டுத்தான் அவள் அதை வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது.

அறிவை மறைக்காத பெண்ணும் இதே வேணாட்டுக் கதையில் உண்டு. சி. வி. ராமன் பிள்ளை 1891-இல் வெளியிட்ட 'மார்த்தாண்டவர்மா' என்ற மலையாள நாவலில் வரும் சுபத்திரை சதியைக் கண்டுபிடிக்கிறாள்; துணிந்து காரியம் செய்கிறாள்; இளவரசனைக் காப்பாற்றுகிறாள். கடைசியில் மாமன் கையாலேயே வெட்டுண்டு சாகிறாள். வாசகர்கள் கண்ணீர் விடுகிறோம். அவள் உயிரோடு இருந்து, ராஜ சபையில் ஆலோசனை சொல்லும் ஓர் அத்தியாயம் இருந்தால் என்ன என்று நாம் கேட்பதில்லை.

அப்படியானால் இரவிக்குட்டிப் பிள்ளை வீட்டிலேயே இருந்திருக்க வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பகைவன் எல்லைக்குள் வந்துவிட்டான். படைத்தலைவன் போய்த்தான் ஆகவேண்டும். ஆனால் போவது வேறு, யாரோடு போகிறோம் என்று பார்க்காமல் போவது வேறு. அந்தப் பெண்களின் பேச்சைப் பாசம் என்று தள்ளாமல் யோசனை என்று எடுத்துக்கொண்டிருந்தால், அவன் போகும் விதமாவது மாறியிருக்கலாம்.

இது பழங்கதையோடு முடிகிற விஷயம் அல்ல. வேலைக் கொடுத்தனுப்பும் தாயை மட்டுமே படித்து வளர்கிற பையன், யுத்தத்துக்கு வீட்டின் அனுமதி எப்போதும் உண்டு என்று நினைத்துக்கொள்கிறான். கனவு கண்டு அழுகிறவளை மட்டுமே படிக்கிற பெண், தனக்கு அழுவதற்குத்தான் உரிமை என்று கற்றுக்கொள்கிறாள். கதைதானே என்று நாம் இதை அலட்சியம் செய்வதற்கில்லை.

ஆகையால் போர்க்கதை எழுதுகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் கதாநாயகி கனவு காணட்டும், தடையில்லை. விடிந்ததும் தனக்குத் தெரிந்ததைக் காரணத்தோடு சொல்லவும் இடம் கொடுங்கள். கதாநாயகன் உட்கார்ந்து அதற்குப் பதில் சொல்லட்டும். பிறகு போவதானால் போகட்டும்.