ஓய்வுப்பொழுதும் தீய பழக்கமும்

தீய பழக்கமுடைய ஒருவன் அதனை விடாதிருத்தற்குக் காரணம் யாது? அதன் தீமையை அறியாமையே என்பர் ஒருசாரார். மனவுறுதி இன்மையே என்பர் பிறிதொருசாரார். இரண்டும் ஒருபுடை உண்மையே. ஆயினும், சம்பள நாள் மாலையில் தவறணையை நோக்கி நடக்கும் தோட்டத் தொழிலாளி, அதனால் வீட்டில் அடுப்பு எரியாதென்பதை நம்மினும் நன்கு அறிவான். காலையில் "இனித் தொடேன்" என்று உறுதி கூறியவனும் அவனே. மாலை 5 மணிக்கு அவ்வுறுதி எங்கே போயிற்று? ஆசிரியராகிய நாம் ஆராயவேண்டுவது இதுவே.

தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலை மலைகளில் இதற்கு விடை கண்ணெதிரே உள்ளது. செடிகள் நெருங்கித் தழைத்து நிலத்தை மூடி நிற்குங்கால் களை அரிது. கவ்வாத்து வெட்டியபின் வெயில் மண்ணிற் பட்டவுடன் களை எழும்புகின்றது. அதனைப் பிடுங்கி எறிதல் மட்டும் போதாது. செடி பட்டுப்போன இடங்களிற் கன்று நட்டு, தழை மீண்டும் மூடுமளவும் காத்தல் வேண்டும். வெறுநிலம் வெறுநிலமாக நில்லாது. பொழுதும் அத்தன்மைத்தே.

ஆன்மா சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது எனப் பளிங்கை உவமை காட்டி மாணாக்கர்க்குக் கற்பிக்கின்றோம். அதனை நடைமுறையில் வைத்து நோக்குக. சார்பின்றித் தனித்து நிற்றல் உயிர்க்கு இயல்பன்றாகலின், "இதனை விடு" என்பது பாதி உபதேசமே. "இதனைப் பற்று" என்பது மற்றைப் பாதி. அமெரிக்க நாடு 1920ஆம் ஆண்டு தொடங்கி மதுவைச் சட்டத்தால் விலக்கிற்று. கள்ளச்சாராயமும் அதனாற் கொழுத்த கூட்டங்களும் பெருகின. 1933இல் அவ்விலக்கு நீக்கப்பட்டது. காந்தியடிகள் 1927இல் இலங்கைக்கு வந்தபோது மலைநாட்டுக்கும் வந்து, குடியை விடுமாறு தொழிலாளரை வேண்டினார். கேட்டு உருகிய நெஞ்சம் திரும்பிச் செல்லவேண்டியிருந்ததோ 10 அடிக்கு 12 அடி லயத்து அறைக்கே. இருக்க இடமும், பேசத் துணையும், விளக்கொளியும் தவறணையில் இருந்தன. அவன் அங்கே தேடியது சாராயம் ஒன்றை மட்டுமன்று.

"உழைத்துக் களைத்தவனுக்கு ஓய்வைப் பற்றி உபதேசித்தல் பரிகாசமன்றோ?" எனின், அவ்வினா நேரியதே. அதனினும் நேரிய வினா ஒன்றுண்டு. பகலெல்லாம் கொழுந்து பறித்து, மாலையில் நீர் சுமந்து, சமைத்து, குழந்தையை உறங்கச் செய்யும் பெண்ணுக்கு ஓய்வு எப்பொழுது? கணவனது ஓய்வு அவளுடைய உழைப்பின்மேல் நிற்கின்றது. ஆகவே ஓய்வின் முதற் பயன், அவள் சுமையில் ஒரு பங்கை ஏற்றலேயாம். ஏனைய நற்பயனெல்லாம் அதன் பின்னரே.

மலையக மக்களின் ஓய்வு என்றும் பாழ்நிலமாக இருந்ததில்லை. 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவான சி. வி. வேலுப்பிள்ளை தோட்டங்களில் வழங்கிய நாட்டுப்பாடல்களைத் தொகுத்தார். மாசி மாதத்துக் காமன் கூத்தில் வேடம் புனைவோர் விரதம் பூணுதல் வழக்கம். மற்றை நாளில் ஒரு மாலையும் அடங்காதவன் அந்நாட்களில் அடங்குதல் எங்ஙனம்? இன்ன வேளை, இன்ன இடம், இன்ன துணை, இன்ன கருமம் என்பன அவனுக்கு முன்னரே வகுக்கப்பட்டுள்ளன. உறுதியை அவன் தனியே சுமப்பதில்லை. ஊரும் உடன் சுமக்கின்றது.

ஆசிரியர்களே, நாம் செய்யத்தக்கதும் இதுவே. வாரத்தில் இரண்டு மாலைப்பொழுது, பாடசாலை அறையையோ கோயில் மண்டபத்தையோ திறந்து வைப்போம். பத்திரிகை உரக்கப் படித்தல், தப்பும் கூத்தும் பழகுதல், பண்ணோடு பாடுதல், கடிதமும் விண்ணப்பமும் எழுதக் கற்றல் என அங்குச் செய்யத்தக்கன பல. ஒருநாள் தவறி வந்தவனை இகழாது வரவேற்றல் வேண்டும். இகழப்பட்டவன் செல்லுமிடம் யாதென்பதை நாம் அறிவோம். இரவெல்லாம் கைத்தொலைபேசியில் கண்பதித்திருப்பவர் தவறணையைக் கடிந்துரைத்தல் பொருந்தாதாகலின், நம்முடைய பொழுதையும் அங்கேயே நடுதல் நன்று.

களையை வைதலால் மலை பசுமையடையாது. கன்று நடுவோமாக.