கழிவுநீருக்குப் பணம் கட்டும் ஊர் பிள்ளைகளுக்குக் கட்டாதா?

"சார், ஃபண்டு நின்னுபோச்சு. அடுத்த மாசத்திலிருந்து சென்டரை மூடிடறோம்."

பேர்ணாம்பட்டிலிருந்து வாணியம்பாடி வரை, மாலை வகுப்பும் தையல் பயிற்சியும் விளையாட்டுக் குழுவும் நடத்தும் தம்பி தங்கைகள் இப்படிச் சொல்லும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. நின்றது பணம். நீ ஏன் நிற்கிறாய்?

பணம் நிற்கும். எப்போதும் நின்றிருக்கிறது. 2020-ல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டது. பெரிய அமைப்பு வாங்கும் பணத்தைச் சிறிய அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கும் வழி அன்றோடு அடைபட்டது. தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் 2021 ஏப்ரலில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தோடு சேர்க்கப்பட்டது. பீடி சுற்றிய கைகளுக்குப் பென்சில் கொடுத்த சிறப்புப் பயிற்சி மையங்களுக்குத் தனி நிதி இல்லாமல் போனது. இதில் உன் தவறு எதுவும் இல்லை. ஆனால் டெல்லியில் ஒரு கோப்பு மூடப்பட்டதற்காக ஆம்பூரில் நீ ஏன் கதவைப் பூட்ட வேண்டும்?

"எங்க ஊர் ஏழை ஊர், இங்க யார் கொடுப்பாங்க?" என்கிறாய். உன் ஊரை உனக்கே தெரியவில்லை, தம்பி.

1996 ஆகஸ்ட் 28. வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைத் தர வேண்டும்; ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம்; சுத்திகரிக்க வழி செய்யாதவர்கள் மூட வேண்டும். தொழிலே போய்விடும் என்று ஊர் நடுங்கியது. போகவில்லை. முதலாளிகள் ஒன்றுகூடிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை நடத்தினார்கள். கட்டுவதற்கு அரசு மானியம் கொடுத்தது. ஓட்டுவதற்கு? அவரவர் விடும் கழிவுநீரின் அளவுக்கு ஏற்ப உறுப்பினர்களே கட்டணம் கட்டுகிறார்கள். தோல் கழிவால் பாலாறு பட்ட காயம் ஆறிவிட்டது என்று சொல்ல வரவில்லை. அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை. நான் சொல்வது வேறு. மானியம் முடிந்த பிறகும் ஒரு பொதுக் காரியத்தைப் பங்கு போட்டு நடத்தும் பழக்கம் இந்த ஊருக்கு உண்டு. கழிவுநீருக்காக முடிந்தது பிள்ளைகளுக்காக முடியாது என்று எவனாவது சொன்னால் அவன் முகத்துக்கு நேரே இதைக் கேள்!

இன்னும் பின்னால் போய்ப் பார். 1919-ல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. ஆம்பூரின் மஸ்ஹருல் உலூம் கல்லூரியும், தோல் வணிகர் அப்துல் ஹக்கீம் பெயரில் 1965-ல் மேல்விஷாரத்தில் வந்த கல்லூரியும் உள்ளூர்க் கல்விச் சங்கங்கள் தொடங்கியவைதான். வெளியூர்ப் பணம் வரட்டும் என்று அவர்கள் காத்திருந்திருந்தால் உன் அண்ணன் எங்கே படித்திருப்பான்?

பணம் போன பிறகும் மிஞ்சுவது எது என்பதற்கும் உன் பகுதியே சாட்சி. 1990-களில், இது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டமாக இருந்த நாளில், ஆட்சியர் எம்.பி. விஜயகுமார் கொத்தடிமைத்தனத்திலிருந்து மீட்ட பிள்ளைகளுக்காகப் பள்ளிகள் நடத்தினார். அட்டைகளை வைத்துப் பிள்ளைகள் தாமே கற்கும் முறையை அங்கே செய்து பார்த்தார்கள். 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளுக்குப் போன அந்த முறை, சில ஆண்டுகளில் செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் முழுக்கப் பரவியது. ஆசிரியர்களின் கையில் ஏறிவிட்ட ஒரு வித்தையை எந்த நிதியாண்டும் முடித்துவைக்க முடியாது. உன்னிடமும் அப்படி ஒரு வித்தை இருக்கிறது. எட்டாம் வகுப்பில் நின்றவனை மறுபடி பள்ளிக்கு அனுப்பினாயே, அதை எந்த ஃபண்டு உனக்குச் சொல்லிக் கொடுத்தது?

சரி, கணக்குக்கு வா. நாற்பது பிள்ளைகள் வரும் ஒரு மாலை வகுப்பு. இரண்டு ஆசிரியர்களுக்குத் தலா 4,000 ரூபாய், வாடகை 2,500, கரண்டு, சாக்பீஸ், நோட்டு எல்லாம் சேர்த்து 1,500. ஆக 12,000. மாதம் நூறு ரூபாய் கொடுக்க 120 பேர் போதும். இதற்காக நீ லண்டனுக்கு இங்கிலீஷில் கடிதம் எழுத வேண்டாம். சாயங்காலம் ஷூ கம்பெனி பஸ் வந்து நிற்கும் இடத்துக்குப் போ. காலையிலிருந்து தையல் மெஷினில் அப்பர் தைத்துவிட்டு, பசை வாசனை போகாத விரல்களால் டிபன் பையைப் பிடித்துக்கொண்டு ஓர் அம்மா இறங்குவார். அவர் வீடு வந்து சேரும்வரை அவர் மகளைப் பார்த்துக்கொண்டது உன் வகுப்புதான். அவரிடம் கேள். கூச்சப்படாதே. நீ கேட்பது பிச்சை இல்லை, பங்கு. நூறு முடியாதவர் இருபது தரட்டும். அதுவும் முடியாதவர் ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் பெருக்கிக் கொடுக்கட்டும். எவர் பிள்ளையையும் திருப்பி அனுப்பாதே.

பிறகு உன்னிடம் படித்து இன்று ஓசூரிலும் சென்னையிலும் சம்பளம் வாங்குகிறவர்களைக் கூப்பிடு. பள்ளிவாசல் ஜமாஅத்துக்குப் போ, சர்ச்சுக்குப் போ, கோயில் கமிட்டிக்குப் போ. பெரிய நிறுவனங்களிடமும் கேள். லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சட்டமே அவர்களுக்குச் சொல்கிறது. ஆனால் ஒரே கதவை நம்பாதே! ஒற்றைக் கதவை நம்பியதால்தானே இன்று தெருவில் நிற்கிறாய்.

சம்பளம் வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் கூட்டம் போடு. வரவையும் செலவையும் பெரிய எழுத்தில் சார்ட்டில் எழுதிச் சுவரில் மாட்டு. உன் சம்பளத்தையும் அதில் எழுது, மறைக்காதே. சந்தா நோட்டை மேசைமேல் வை. முதல் வரியில் உன் பெயரை எழுதி, உன் நூறு ரூபாயை நீயே போடு.