வணங்கப்படுபவரே மறுத்தால்

ஆரன் டெம்ப்ஸ்கி-பௌடன் 2010இல் எழுதிய ‘தி ஃபர்ஸ்ட் ஹெரெடிக்’ ஒரு போர் நாவல். இங்கிலாந்தின் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனம் 1987இல் வெளியிட்ட ‘வார்ஹாமர் 40,000’ என்னும் மேசை விளையாட்டின் உலகில் அதன் கதை நடக்கிறது. வண்ணம் பூசிய சிறு வீரர் உருவங்களை மேசைமேல் நிறுத்திப் பகடை உருட்டி ஆடும் அந்த ஆட்டத்துக்குப் பின்னணியாக எழுதப்பட்ட கதைகள் ஏராளம். அவற்றுள் இந்த நாவல் எடுத்துக்கொண்ட கேள்வி சமயத் தத்துவத்துக்கு உரியது: வணங்கப்படுபவரே ‘நான் கடவுள் அல்ல’ என்று மறுத்தால் வழிபாடு என்ன ஆகும்?

கதையின் பேரரசர் சிதறிக் கிடக்கும் மனிதக் கோள்களை ஒரே ஆட்சியின்கீழ் கொண்டுவரப் படையெடுத்தவர். சமயம் மூடநம்பிக்கை, அதை ஒழித்தால்தான் மனித குலம் பிழைக்கும் என்பது அவர் கொள்கை. அவர் உருவாக்கிய மகன்களுள் ஒருவன் லோர்கர். பக்தி மிகுந்த கோல்கிஸ் என்ற கோளில் வளர்ந்தவன். தந்தையைக் கடவுளாகவே கண்டவன். அவனுடைய ‘வேர்ட் பேரர்ஸ்’ படை, வென்ற உலகங்களிலெல்லாம் அவருக்குக் கோயில் எழுப்பியது.

குர் என்ற கோளில் அப்படி எழுந்த மொனார்க்கியா நகரத்தைப் பேரரசரின் ஆணைப்படி இன்னொரு மகனின் படை எரித்துச் சாம்பலாக்குகிறது. பிறகு பேரரசரே அங்கு வருகிறார். தம் மன வலிமையாலேயே லோர்கரையும் அவன் படை முழுவதையும் அந்தச் சாம்பலில் மண்டியிட வைக்கிறார். நகரம் எரிந்ததைக் கண்ணெதிரே கண்ட சைரீன் என்ற இளம்பெண்ணுக்கு அந்த ஒளியில் பார்வை போய்விடுகிறது.

நாவலின் தத்துவக் கனம் முழுவதும் இந்தக் காட்சியில்தான் இருக்கிறது. தாம் கடவுள் அல்ல என்ற பேரரசரின் கூற்று சரியாகவே இருக்கலாம். ஆனால் அதை நிலைநாட்ட அவர் கையாண்ட வழி, பழைய வேதக் கதைகளில் சினங்கொண்ட தெய்வங்கள் நகரங்களை அழித்த அதே வழி. அறிவின் பெயரால் பேசியவர் ஒரு காரணம்கூட விளக்கவில்லை. வாதத்துக்கு இடம் தராமல் பணிய வைத்தார். வணங்காதே என்று சொல்லிக்கொண்டே மண்டியிட வைத்தவரிடமிருந்து லோர்கர் பகுத்தறிவைக் கற்றுக்கொள்ளாததில் வியப்பில்லை. போதாக்குறைக்கு அந்த மறுப்பில் ஒரு மறைப்பும் இருந்தது. மனிதருக்கு அப்பாற்பட்ட கொடிய சக்திகள் உண்டு என்பது பேரரசருக்குத் தெரியும்; மக்களின் நன்மைக்கென்று அதை ஒளித்தார். பிளேட்டோ ‘குடியரசு’ நூலில் ஆள்வோருக்கு அனுமதித்த நல்லெண்ணப் பொய்யின் வகை இது. பொய் வெளிப்படும் நாளில் அதனோடு சேர்ந்து சொன்ன உண்மைகளும் மதிப்பிழக்கும் என்பதே அதன் பெரிய ஆபத்து.

மனம் உடைந்த லோர்கர் உண்மையான தெய்வங்களைத் தேடிப் புறப்படுகிறான், கண்டும் விடுகிறான். மனிதரின் சினம், ஆசை, அச்சம், நம்பிக்கை முதலியவை திரண்டு உருப்பெற்ற கேயாஸ் தெய்வங்கள் அவை. கடவுள் என்பது மனிதன் தன் இயல்பையே வெளியே நிறுத்தி வணங்குவது என்று லுட்விக் ஃபாயர்பாக் 1841இல் ‘கிறித்தவத்தின் சாரம்’ நூலில் வாதிட்டார். அதை உணர்ந்தால் தெய்வம் கரைந்துபோகும், மனிதன் தன் மேன்மையை மீட்டுக்கொள்வான் என்று அவர் நம்பினார். இந்தப் புனைவுலகில் அந்த நிழலுக்கு உயிர் வந்துவிடுகிறது. படைத்தவனையே அது தின்கிறது.

அந்தத் தெய்வங்களின் இருப்பில் லோர்கருக்கு ஐயம் இல்லை. அவை கூப்பிட்டால் மறுமொழி தருகின்றன, ஆற்றலும் தருகின்றன. அதற்கு விலையும் உண்டு: படைத்தலைவன் ஆர்கெல் தால் தன் உடலில் ஒரு பேயைக் குடிவைத்துக்கொள்ள நேர்கிறது. லோர்கரின் பிழை இங்கேதான். ‘இருக்கிறதா’ என்று தேடியவன் ‘வணங்கத் தக்கதா’ என்று கேட்கவே இல்லை. இவை இரண்டும் வெவ்வேறு கேள்விகள்; முதலாவதற்கு ‘ஆம்’ என்ற விடை கிடைப்பதால் இரண்டாவது தானாகத் தீர்ந்துவிடாது. இம்மானுவேல் கான்ட் 1798இல் எழுதிய ‘புலங்களின் முரண்’ நூலில் ஆபிரகாமின் கதையை எடுத்துக்கொண்டு இதையே சொன்னார். மகனைக் கொல்லச் சொல்லும் குரல் எவ்வளவு மாட்சியோடு ஒலித்தாலும், அது அறநெறிக்கு மாறானதால் கடவுளின் குரல் ஆகாது என்பது அவர் முடிவு. அந்த அளவுகோலைக் கையில் எடுத்திருந்தால் லோர்கர் பாதி வழியிலேயே திரும்பியிருப்பான்.

அவன் தேடலை வெறும் மடமை என்று தள்ளவும் முடியாது. பார்வை இழந்த சைரீனைச் சுற்றிப் படைவீரர்கள் கூடுகிறார்கள். செய்த கொலைகளையும் மனச்சுமையையும் அவளிடம் இறக்கி வைக்கிறார்கள். பாவத்தைச் சொல்லி அழ ஓர் இடம் வேண்டும் என்ற அவர்களுடைய தேவை உண்மையானது. பேரரசரின் ஆட்சி கோயிலை இடித்தது. அங்கே நடந்த அந்த வேலையை ஏற்க வேறெதையும் கட்டவில்லை.

பேரரசரைத் தெய்வமென்று போற்றி லோர்கர் முன்பு எழுதிய நூல், அவன் அவரைக் கைவிட்ட பிறகும் மறையவில்லை. மக்கள் அதை மறைவாகப் படித்தார்கள். விளையாட்டின் நிகழ்காலமான பத்தாயிரம் ஆண்டுகளுக்குப் பிந்தைய பேரரசில் அதிலிருந்து வளர்ந்த வழிபாடே அரச சமயம். அதை மறுப்போருக்கு மரண தண்டனை.