யாரைப் பார்த்துச் சிரிப்பது?

நிறுவனத்தின் சொத்தைக் காக்கிறேன் என்று வரம்பு மீறும் பாதுகாப்பு அதிகாரி, அங்கதப் படங்களுக்கு எளிதில் சிக்கும் பாத்திரம். எங்கும் சதியைக் காணும் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டால் அறக்கணக்கு தீர்ந்துவிடுமா? தீராது என்பதற்குத் தஞ்சை மண்ணிலேயே சான்று உண்டு. பெரும் பண்ணைகளில் சாட்டையடியும் சாணிப்பால் புகட்டும் தண்டனையும் பெரும்பாலும் மிராசுதாரின் ஏவலாளான காரியக்காரர் கை வழியாகவே பண்ணையாட்களுக்கு வந்தன. ஏச்சு காரியக்காரருக்கு, விளைச்சல் மிராசுதாருக்கு. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டுப் போராடிய தலித் உழைப்பாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரிந்து மாண்டனர். நிலவுடைமையாளர்களுக்கு 1970இல் நாகப்பட்டினம் நீதிமன்றம் விதித்த தண்டனையை 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. வசதி படைத்தவர்கள் தாமே நடந்து வந்து தீ வைத்தார்கள் என்பதை நம்ப முடியவில்லை, வேலையாட்களை அனுப்பியிருப்பார்கள் என்றே எதிர்பார்க்கலாம் என்பது அத்தீர்ப்பு சொன்ன காரணங்களில் ஒன்று. ஏவலாள் இருக்கிறான் என்பதே எசமானருக்குக் கவசமாயிற்று.

இது பழங்கதை அல்ல. 2017 ஜூன் 30 அன்று தஞ்சை மாவட்டக் கதிராமங்கலத்தில் எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசியின் குழாய் கசிந்து வயலில் எண்ணெய் பரவியது. நியாயம் கேட்டுத் திரண்ட ஊர்மக்கள் மீது போலீஸ் தடியடி நடத்தியது, பலர் கைதாயினர். அடுத்த மாதம், கதிராமங்கலத்துக்காகவும் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்த நெடுவாசலுக்காகவும் துண்டறிக்கை கொடுத்த மாணவி ஒருவர் மீது சேலத்தில் குண்டர் சட்டம் பாய்ந்தது. பின்னர் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. துண்டறிக்கையே குற்றமாகத் தெரியும் இடத்தில் அங்கதக் கலைஞர் மிகைப்படுத்த எதுவும் மிச்சமில்லை. இத்தகைய அத்துமீறலைத் தனிமனிதக் குணக்கோளாறு என்று ஒதுக்க முடியாது. அதனால் பலன் பெறுகிறவர் அதைக் கண்டிக்காதவரை, அவருடைய மௌனமே அனுமதி.

தீப்பற்றக்கூடிய குழாய்க்குக் காவல் வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும், ஆனால் காவல் நாசவேலைக்கு எதிராக இருக்க வேண்டும், கேள்விக்கு எதிராக அல்ல. மேலிடத்தைச் சுட்டினால் கீழே இருப்பவர் தப்பிவிடுவாரே என்பது இன்னொரு மறுப்பு. தப்ப வேண்டியதில்லை. தடியை ஓங்கியவருக்கும் மனசாட்சி உண்டு; பொறுப்பு, பங்கு போடப் போடக் குறையும் சொத்து அல்ல. 1936இல் வந்த ‘மாடர்ன் டைம்ஸ்’ படத்தில் சாப்ளின் மேலிடத்தைச் சரியாகச் சுட்டினார்: ஓய்வறைக்குள்ளும் திரையில் தோன்றித் தொழிலாளியை விரட்டுவது ஆலை முதலாளியின் முகமேதான். காவலாளியின் மிடுக்கைக் கேலி செய்யும் படம், அவருக்குச் சம்பளம் தருபவரின் அறைவரை போக வேண்டும். அங்கே போகாத அங்கதம் பாதி நியாயம்தான்.