சேர்ந்து உண்டாலும் தனித்து உண்டாலும்

எல்லாப் புகழும் ஏகன் அல்லாஹ்வுக்கே உரியது. அவன் தூதர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!



திரிங்காப்பிலும் அதனைச் சுற்றிய தேயிலை, காய்கறித் தோட்டங்களிலும் வாழும் நம் மக்களின் அடுப்பங்கரையைப் பற்றி இன்று சிறிது பேச விரும்புகின்றோம். அடுப்பங்கரைக்கும் மார்க்கத்திற்கும் என்ன தொடர்பு என்று எண்ணிவிட வேண்டாம். சோற்றுத் தட்டின் முன்னே பிள்ளை அலறுவதும், உம்மா கண் கலங்குவதும், வாப்பா கை ஓங்குவதும் நாள்தோறும் நடக்கின்ற வீட்டிலே ரஹ்மத் எவ்வாறு தங்கும்?

சில பிள்ளைகள் மூளையின் அமைப்பிலேயே மற்றவரினின்றும் வேறுபட்டுப் பிறக்கின்றனர். ஆட்டிசம் என்றும், கவனக் குறைவும் துறுதுறுப்பும் மிகுந்த நிலை என்றும் மருத்துவர்கள் கூறுவர். இவர்களிற் பலருக்கு நாவும் மூக்கும் நம்முடையவை போன்றவையல்ல. நமக்கு மணக்கும் தாளிப்பு அவர்களுக்கு மூச்சை அடைக்கும். குழைந்த கத்தரிக்காய் நாவிற் பட்டதும் குமட்டும். சோற்றின்மேல் ஆணம் ஓடிக் கலந்துவிட்டால் அந்தத் தட்டையே தொடமாட்டார்கள். இது பிடிவாதமன்று, செல்லமுமன்று. பெரியவர்களிலும் இவ்வியல்பு உடையோர் உண்டு.

திருமறையின் அந்நூர் அத்தியாயத்து 61-வது வசனத்தைச் சிந்தியுங்கள். பார்வையற்றோர், கால் ஊனமுற்றோர், நோயாளிகள் ஆகியோர் மீது குற்றமில்லை என்று தொடங்கும் அவ்வசனம், நீங்கள் ஒன்றுகூடி உண்டாலும் தனித்தனியே உண்டாலும் குற்றமில்லை என்று கருத்துரைக்கின்றது. நால்வர் ஒரே சஹனில் அமர்ந்து உண்ணும் நம் முன்னோரின் வழக்கம் அழகியதே. ஆயினும், தனித்தட்டு கேட்கும் பிள்ளையை மார்க்கம் குற்றவாளியாக்கவில்லை. இறைவன் தந்த சலுகையைப் பறிக்க நாம் யார்?

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்விலிருந்தும் ஒரு நிகழ்ச்சியைப் பாருங்கள். அன்னை மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்திலே சுட்ட உடும்பு இறைச்சி பரிமாறப்பட்டது. இன்னது என்று அறிந்ததும் நபியவர்கள் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்கள். இது ஹராமா என்று காலித் இப்னு வலீத் (ரலி) வினவினார்கள். இல்லை, தம் ஊரிலே இல்லாத உணவாதலால் தமக்கு மனம் ஒப்பவில்லை என்பது நபியவர்களின் விடை. காலித் (ரலி) அதனை அவர்கள் முன்னிலையிலேயே உண்டார்கள். ஒரே விரிப்பிலே ஒருவர் உண்டார், ஒருவர் உண்ணவில்லை. வற்புறுத்தலும் இல்லை, பழிப்பும் இல்லை. நபியவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள் என்றும் ஹதீது அறிவிக்கின்றது. மனம் ஒப்பாததை விடும் உரிமை பெரியவருக்கு உண்டு. பிள்ளைக்கு மட்டும் இல்லையா?

இவையெல்லாம் சரியே, ஆளுக்கொரு சமையல் செய்யப் பணத்திற்கும் பொழுதிற்கும் எங்கே போவது என்று உம்மாமார் கேட்பது நம் செவியில் விழுகின்றது. ஆளுக்கொரு சமையல் வேண்டியதில்லை. ஒரே சமையலை இடையில் நிறுத்திப் பிரித்தெடுத்தாற் போதும்.

ஒரு குவளை மைசூர்ப் பருப்புக்கு நான்கு குவளைத் தண்ணீர் வைத்து, மஞ்சளும் உப்பும் இட்டு வேகவையுங்கள். தாளிக்கும் முன்னரே பிள்ளைக்கு ஒரு கிண்ணம் எடுத்து வைத்துவிட்டு, மீதியிலே மிளகாயும் புளியும் சேர்த்து ஆணமாக்குங்கள். உருளைக்கிழங்கும் முட்டையும் சோற்றுப் பானையின் மேற்தட்டிலேயே வெந்துவிடும்; தனி நெருப்பு வேண்டாம். நம் மலையில் விளையும் முட்டைக்கோஸை ஒருவருக்கு வதக்கலாம். மொறுமொறுப்பை விரும்பும் பிள்ளைக்குக் கழுவிப் பச்சையாகவே நறுக்கித் தரலாம். நெத்திலியைத் தனியே பொரித்து ஓரத்தில் வையுங்கள். வெறுஞ்சோறும் முட்டையும் தானா என்று எவரும் இகழ வேண்டாம். காடியைத் தவிர வேறொன்றும் வீட்டில் இல்லை என்றபோது, அதனையே தொட்டுக்கொண்டு அதனைப் புகழ்ந்தவர் நம் நாயகம் (ஸல்).

புதிய உணவை ஒரு சிறு கரண்டி அளவே தட்டின் ஓரத்தில் வைத்து, ஒன்றும் பேசாது விட்டுவிடுங்கள். பல நாள் பார்த்துப் பழகிய பின்னரே சில பிள்ளைகள் தொடுவர். அளவு சிறிதாயின் வீண்விரயமும் இல்லை. தெரியாமல் கலந்து ஊட்டும் தந்திரம் வேண்டாம். கண்டுகொண்டால் உண்டுவந்த ஒன்றையும் விட்டுவிடுவர். உம்மாவின் கைமேல் பிள்ளை வைத்த நம்பிக்கை ஓர் அமானிதமன்றோ?

துறுதுறுப்புக்காக மருந்து உண்ணும் பிள்ளைக்குப் பகலில் பசி குறையலாம். காலையில் மருந்துக்கு முன்னரும் இரவிலும் நிறைவாகக் கொடுங்கள். எடை குறைந்தாலோ, உண்ணும் வகைகள் மேலும் சுருங்கினாலோ தாமதியாது தானா ராத்தா மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். சமூக நலத் துறை வழங்கும் ஓகேயூ அட்டையில், கற்றல் பிரச்சினை என்னும் பிரிவில் ஆட்டிசமும் அடங்கும். அதனைப் பெறுவதில் வெட்கமில்லை.

இறுதியாக, உறவினருக்கும் ஜமாஅத்தாருக்கும் ஒரு வார்த்தை. உம்மா வளர்த்த வளர்ப்பு சரியில்லை என்று பழிப்பதை விடுங்கள். ஒரு காலத்தில் மேல்நாட்டு மருத்துவர் சிலரும் தாயின் அன்புக் குறைவே ஆட்டிசத்திற்குக் காரணம் என்றனர். அத்தகைய மகனுக்குத் தந்தையான பெர்னார்டு ரிம்லண்ட் என்னும் அறிஞர் 1964-ல் நூல் எழுதி அதனை மறுத்தார். மருத்துவம் கைவிட்ட பழியை நாம் சுமந்து திரிவதா? அப்பழிக்கு அஞ்சியே வலீமாவுக்கும் நோன்பு திறப்புக்கும் வராமல் ஒதுங்கும் குடும்பங்கள் உண்டு. விருந்து வைப்போர், தாளிக்காத கஞ்சி ஒரு கோப்பையும், சந்தடியற்ற ஒரு மூலையும் அவர்களுக்காக ஒதுக்கி வையுங்கள். ஏன் உண்ணவில்லை என்று கேளாதிருங்கள். அதுவே பெரும் உபசாரம்.

யா அல்லாஹ்! எங்கள் உணவிலே பரக்கத்தையும், உம்மாமாரின் உள்ளத்திலே ஸபூரையும், எங்கள் நாவிலே மென்மையையும் தந்தருள்வாயாக! ஆமீன்.