ஔடத தானமும் அருவருப்பின்மையும்



ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என்னும் நால்வகைத் தானங்களை நாம் சிறு பருவம் முதல் கேட்டு வளர்ந்தவர்கள். முனிவர்களுக்கு ஆகாரம் அளிக்கும் பேறு வாய்த்தால் வீடே விழாக்கோலம் பூணுகிறது. பெற்றோர் நினைவாக நூல் அச்சிட்டுச் சாத்திர தானம் செய்கிறோம். ஆனால் ஔடத தானம் என்றவுடன், மருந்துக்கென ஒரு தொகையை எழுதிக் கொடுப்பதோடு கடமை முடிந்ததாகக் கருதுகிறோம். நானும் நெடுங்காலம் அவ்வாறே கருதியிருந்தேன்.

நம் முன்னோர் மருத்துவத்தை அறத்திலிருந்து பிரித்துப் பார்க்கவில்லை. காரியாசான் இயற்றிய அறநூல், ஐந்து வேர்களால் ஆகிய மருந்தின் பெயரைத் தாங்கிச் சிறுபஞ்சமூலம் எனப்பட்டது. கணிமேதாவியார் இயற்றியது ஏலம் முதலிய ஆறு பொருள்களால் ஆகிய மருந்தின் பெயரால் ஏலாதி ஆயிற்று. ஒன்பதாம் நூற்றாண்டளவில் உக்கிராதித்தர் என்னும் சமண ஆசிரியர், புலாலும் மதுவும் தேனும் சேராத மருத்துவத்தைக் கல்யாணகாரகம் என்ற நூலாகச் செய்தளித்தார். உடல்நோய் தீர்ப்பதையும் உயிர்நோய் தீர்ப்பதையும் அருகருகே வைத்து எண்ணிய மரபு நம்முடையது.

சென்ற தை மாதம் கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால் மலையைத் தரிசிக்கச் சென்றேன். திருச்சாரணத்து மலை எனப் பழம்பெயர் கொண்ட அக்குன்றின் பாறையில் பார்சுவநாதர் முதலிய தீர்த்தங்கரர் திருவுருவங்கள் இன்றும் அருள்பாலிக்கின்றன. அரிட்டநேமி படாரரின் மாணாக்கியாரான குணந்தாங்கிக் குரத்திகள், ஆய் மன்னன் விக்கிரமாதித்திய வரகுணன் காலத்தில் அங்கே பொன்னணி வழங்கிய செய்தி கல்வெட்டில் உள்ளது. குரத்தி என்றால் ஆசிரியை. ஆசிரியப் பணியில் வாழ்நாளைக் கழித்த எனக்கு அச்சொல்லைக் கேட்டபோது உடல் சிலிர்த்தது.

அந்த யாத்திரையின்போது குலசேகரத்தில் உறவினர் இல்லத்தில் தங்கினேன். ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த அவ்வூருக்கு அப்பால், 1906-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பெற்ற பேச்சிப்பாறை அணையும், அதற்கும் அப்பால் காணிக்காரர் என்னும் பழங்குடி மக்களின் மலைக்குடியிருப்புகளும் உள்ளன. சில குடியிருப்புகளுக்கு நீர்த்தேக்கத்தைப் படகில் கடந்தே செல்லவேண்டும். நள்ளிரவில் ஒருவருக்கு நோய் கண்டால் அவர் நிலை என்ன என்பதை அந்நீர்ப்பரப்பைப் பார்த்தவர் உணர்வர். அங்கே செல்லும் மருத்துவக் குழு ஒன்றில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் குறைவாக இருந்ததால், என்னையும் அழைத்தனர்.

எனக்கு இடப்பட்ட பணி எளியது. வருபவர் பெயரைச் சீட்டில் எழுதவேண்டும். மருத்துவர் தந்த மாத்திரைகளை உண்ணும் முறையை விளக்கவேண்டும். எழுத்தறியாத முதியோருக்காக உறையின்மீது உதயசூரியன், உச்சிச்சூரியன், பிறை நிலா என மூன்று படங்கள் வரைந்து, எப்படத்தின் கீழ் எத்தனை புள்ளியோ அத்தனை மாத்திரை எனச் சொல்லிக் கொடுத்தேன். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் கற்ற படவிளக்க முறை, ஐம்பது ஆண்டுகள் கழித்து ஒரு மலைச்சரிவில் பயன்பட்டது.

அம்முகாமுக்கு ஒரு முதியவர் வந்தார். சர்க்கரை நோயால் காலில் ஆறாத புண். சென்ற முறை கொடுத்த மாத்திரைகள் எங்கே என்று மருத்துவர் வினவியபோது, இடுப்பு மடியிலிருந்து ஒரு தகரச் சிமிழை எடுத்தார். மாத்திரைகள் அனைத்தும் உள்ளே அப்படியே இருந்தன. எப்பொழுது உண்பது என்று ஒருவரும் தமக்குச் சொல்லவில்லை என்றார். மருந்து கொடுக்கப்பட்டிருந்தது, ஆயினும் ஔடத தானம் நிகழவில்லை.

அடுத்து நிகழ்ந்ததை எழுதத் தயங்குகிறேன். எனினும் மறைத்தல் ஆகாது. புண்ணைக் கழுவுகையில் கீழே ஏனத்தைப் பிடிக்குமாறு செவிலிப் பெண் என்னிடம் கூறினாள். கட்டை அவிழ்த்ததும் எழுந்த நாற்றத்தில் என் கை தானே பின்வாங்கியது. வயதின் காரணமாகக் கை நடுங்குகிறது என்று ஒரு பொய்யும் சொன்னேன். செவிலி ஒன்றும் கூறாமல் ஏனத்தைத் தன் முழங்காலால் தாங்கிக்கொண்டாள். அம்முதியவரோ என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, வேட்டி நுனியால் தம் பாதத்தை மூட முயன்றார். அம்மா சற்றுத் தள்ளி அமரட்டும் என்று எனக்காகவே வேண்டினார்.

அன்பர்களே, ஓர் எறும்பை மிதித்தாலும் பிராயச்சித்தம் தேடும் மரபில் வந்தவள் நான். பேசாமல், தொடாமல், ஒரு முதியவர் தம் உடலைக் குறித்துத் தாமே நாணும்படி செய்துவிட்டேன். அருவருப்பும் ஒரு ஹிம்சையே என்பதை அன்று அறிந்தேன்.

நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் மூன்றாவது நிர்விசிகித்சை, அதாவது அருவருப்பின்மை. சமந்தபத்திர ஆசாரியர் இரத்தின கரண்டகத்தில் இவ்வங்கத்திற்கு உத்தாயன மன்னனைச் சான்றாகக் காட்டுகிறார். அவன் பெருமையைத் தேவர் சபையில் இந்திரன் புகழக் கேட்ட தேவன் ஒருவன், குட்டநோயுற்ற முனிவராக வடிவெடுத்து அரண்மனைக்கு வந்தான். மன்னன் பணிந்து ஆகாரம் அளித்தான். உண்ட அனைத்தையும் அம்முனிவர் மன்னன் மேலேயே உமிழ்ந்தார். நாற்றம் தாங்காது ஏவலர் ஓடினர். மன்னனோ, இவர் உடலுக்கு ஒவ்வாத உணவைத் தந்த பிழை என்னுடையது என்று தன்னையே நொந்து, தன் கையால் அவரைக் கழுவித் துடைத்தான். தேவன் தன் உருக்காட்டி வணங்கிச் சென்றான்.

இக்கதையை வகுப்பிலும் ஆலயத்திலும் பலமுறை சொல்லியிருக்கிறேன். சொன்ன வாய் என்னுடையது. பின்வாங்கிய கையும் என்னுடையதே.

சிலர் வினவலாம்: நோய் அவரவர் அசாதா வேதநீய கர்மத்தின் பயன் அன்றோ, அதில் நாம் குறுக்கிடுவது தகுமோ என்று. பிறர் வினையை அளந்து கூறக் கேவல ஞானம் வேண்டும். அது நம்மிடம் இல்லை. நாம் அறிவது நம் மனத்தில் எழும் கருணையையோ வெறுப்பையோ மட்டுமே. அவர் வினை அவருக்கு. அவரைக் கண்டபோது நாம் நடந்த விதம் நம் வினை. மருந்தும் மருத்துவரும் நோய் தணிய நிமித்தம் ஆவதை நம் ஆகமங்கள் மறுக்கவில்லை.

ஏழைகளுக்குக் கொடுக்கச் செல்கிறோம் என்ற செருக்கும் ஆகாது. காணிக்காரரிடையே பிலாத்தி எனப்படும் நோய் நீக்குவோர் தொன்றுதொட்டு உண்டு. 1987-ஆம் ஆண்டு அகத்தியமலையின் கேரளப் பகுதியில் ஆய்வாளருக்கு வழிகாட்டிய காணிக்காரர், களைப்பு நீங்க உண்ட ஒரு காயைக் காட்டினர். ஆரோக்கியப்பச்சை என்னும் அச்செடியிலிருந்தே ஜீவனி என்ற மருந்து உருவாயிற்று. உலகுக்கு மருந்து ஈந்த மக்களிடமே நாம் மருந்துப் பையுடன் செல்கிறோம்.

பிற சமயத்தார் செய்த தொண்டையும் அநேகாந்தம் கற்ற நாம் மதித்தல் வேண்டும். அதே மாவட்டத்து நெய்யூரில் கிறித்துவ மருத்துவப் பணி 1838-ஆம் ஆண்டு தொடங்கியது. 1922-ஆம் ஆண்டு எவரெஸ்ட் சிகரம் ஏறும் குழுவில் வந்த அறுவை மருத்துவர் சாமர்வெல், பின்னர் நெய்யூர் சென்று, மருத்துவர் போதாமல் காத்துக்கிடந்த நோயாளிகளைக் கண்டு, தம் நாட்டில் காத்திருந்த உயர்பதவியை விடுத்து, தம் வாழ்வின் பெரும்பகுதியை இம்மக்களிடையே கழித்தார்.

அடுத்த மாதமும் அம்மலைக்குச் சென்றேன். முதியவர் வந்தார். ஏனத்தை நானே எடுத்துக்கொண்டேன். அருவருப்பு அறவே அகன்றது என்று சொல்லமாட்டேன். அது எழுந்தது, ஆனால் கை நகரவில்லை. புண் சற்றுச் சுருங்கியிருந்தது. உறையைக் காட்டி, சூரியன் இரண்டும் தீர்ந்தன, நிலாவில் மட்டும் இரண்டு நாள் தவறிவிட்டது என்றார். ஏன் என வினவினேன். அவ்விரு இரவும் உண்ண ஒன்றும் இல்லை, வெறும் வயிற்றில் வேண்டாம் என்று அம்மாதானே சொன்னீர்கள் என்றார்.

அப்போதுதான் நான்கு தானங்களும் ஒன்றே எனத் தெளிந்தேன். உணவின்றி மருந்து உள்ளே செல்லாது. அறிவின்றி மருந்து சிமிழிலேயே உறங்கும். நாணமும் அச்சமும் நீங்காதவர் புண்ணை மறைப்பாரேயன்றிக் காட்டார். ஆகாரமும் சாத்திரமும் அபயமும் உடன் சென்றாலன்றி ஔடதம் தானமாவதில்லை.

ஆதலின் என் வேண்டுகோள் இது. மருந்துக்குப் பொருள் தருவோர் தருக. காலாவதியான மருந்தையும், உண்டு மீந்ததையும் தானம் என்று அனுப்பற்க. அத்துடன் ஆண்டில் சில நாட்களையும் தருக. மருத்துவர் அல்லாதோரும் பெயர் எழுதலாம்; உறையில் சூரியன் வரையலாம்; ஏனம் பிடிக்கலாம். நம் சிற்றூர்களிலேயே தனித்து வாழும் முதியோர் பலர் உளர். அடுத்த தெருவிலிருந்தே தொடங்கலாம்.

உங்கள் கை பின்வாங்கினால் மனம் தளரற்க. அடுத்த முறையும் செல்க.

அறம் வளர்க! அகிம்சை ஓங்குக!