வலக்கை தரும் குரல்

வயலினில் ஸ்வரத்தைக் காட்டுவது இடக்கை. குரலைத் தருவது வலக்கை. ரோசின் என்னும் பிசின் பூசிய வில்முடி தந்தியைப் பற்றி இழுக்கிறது, இழுவை மிஞ்சியதும் தந்தி நழுவுகிறது, மறுபடி அகப்படுகிறது. 200 ஹெர்ட்ஸ் ஒலியென்றால் விநாடிக்கு 200 முறை! 19ஆம் நூற்றாண்டில் இந்த அசைவை ஆராய்ந்து விளக்கியவர் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ்.

தந்திகளைத் தாங்கும் குதிரைக்கு அருகே வில்லை மெதுவாக, அழுத்தி இழுக்க வேண்டும். விரற்பலகைப் பக்கம் வேகமாக, இலேசாக. அழுத்தம் மிஞ்சினால் கரகரப்பு, போதாவிட்டால் சீழ்க்கை. நீண்ட வில்வீச்சுக்குப் பேர்போன துவாரம் வேங்கடசாமி நாயுடுவின் (1893–1964) பழைய இசைத்தட்டுப் பதிவுகளைக் கேளுங்கள். அந்த நாதத்துக்காகவே கேட்கலாம்.

இலங்கை மலையகத்துத் திம்புள்ளையில் வயலின் பழகும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. தென்மேற்குப் பருவமழை மாதங்களில் ஈரக்காற்றுப் பட்டு வில்முடி நீண்டு தொய்யும். திருகை இறுக்கிக்கொள்ளுங்கள், வாசித்து முடித்ததும் மறவாமல் தளர்த்துங்கள். இறுக்கியபடி விட்டால், காற்று காயும்போது முடி சுருங்கி வில்தடியை வளைத்துவிடும். முடியை விரலால் தொடவும் வேண்டாம். எண்ணெய்ப் பசை ஏறினால் ரோசின் பிடிக்காது.